விடாமல் துரத்தும் ஒரு படம்: மேசை ரோல்பிளே ஆட்டங்களின் ஓவியர்களோடு உங்கள் அனுபவம்

இருபதுமுகன்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக விளையாடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (டி அண்ட் டி) ஆட்டத்தின் விதிநூல், பிளேயர்ஸ் ஹேண்ட்புக், 1978. டேவிட் டிராம்பியரின் அட்டைப்படம். எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. ஸ்கார்பரோவில் பெரியம்மா வீட்டு நிலவறையில் அண்ணாவும் அவருடைய மூன்று நண்பர்களும் விளையாடுவார்கள். எனக்கு இடமில்லை. "முதலில் ஆங்கிலம் ஒழுங்காக வாசிக்கப் பழகு" என்பார் அண்ணா. அட்டையைப் பார்க்க மட்டும் அனுமதி.

அந்தப் படத்தில் சண்டையே இல்லை, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எல்லாம் முடிந்துவிட்டது. பல்லி மனிதர்களின் பிணங்களை இழுத்துப் போடுகிறார்கள், ஒருவன் வாளைத் துடைக்கிறான், சிலர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே இரண்டு திருடர்கள் சிலையின் கண்ணில் பதித்த கல்லை நெம்புகிறார்கள். அந்த வேலை மட்டும் முடியவில்லை. வாராவாரம் போய்ப் பார்ப்பேன், கல் அப்படியே இருக்கும். ஒரு ஞாயிறு, எல்லோரும் மேலே சாப்பிடப் போயிருந்தபோது, பால்பாயிண்ட் பேனாவை எடுத்து அந்தக் கல்லைக் கருப்பாக்கிவிட்டேன். இனியாவது இறங்கி வீடு போய்ச் சேரட்டும் என்று.

அண்ணா நண்பர்களில் ஒருவரைச் சந்தேகப்பட்டார். அவர் பிறகு வரவில்லை. கொஞ்ச நாளில் ஆட்டமே நின்றுபோனது. முப்பது வருடமாகிறது, நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

நானூறாவது பத்தி

என்னைத் துரத்தும் ஓவியர் ரஸ் நிக்கல்சன். 1982-இல் வந்த 'வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்', அடுத்து எந்தப் பத்திக்குப் போவது என்று வாசிப்பவரே முடிவு செய்யும் சாகசப் புத்தகம், நானூறு பத்திகள், உள்ளே முழுக்க அவர் கோடுகள். லண்டனில் பள்ளி நூலகத்தில் எடுத்தேன். அவர் வரையும் முகங்களில் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணுகிற மாதிரி இருக்கும், தோலுக்கடியில் எலும்பு எங்கே ஓடுகிறது என்றும் தெரியும். படம் வரும் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வாசிப்பேன்.

ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த என் அம்மா, என் கையை விலக்கிப் படத்தைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாவம், சாப்பிட்டு எத்தனை நாளாகிறதோ" என்றார். அதன் பிறகு எனக்குப் பயம் வரவில்லை. பயத்தை இழந்தது லாபமா நஷ்டமா என்று இன்றும் தெரியவில்லை. 2023-இல் நிக்கல்சன் இறந்த செய்தியைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அம்மாவின் குரல்தான்.

பச்சைவாய்

மேலே சொன்னவருக்கு: அது தனியாளாக வாசிக்கும் விளையாட்டுப் புத்தகம். மேசையும் இல்லை, நடத்துபவரும் இல்லை. தலைப்பு மேசை ஆட்டம் பற்றியது. நிக்கல்சனைச் சொல்ல வேண்டுமென்றால் 1981-இன் ஃபீண்ட் ஃபோலியோவைச் சொல்லியிருக்கலாம், அது முறையான டி அண்ட் டி நூல். அவர் அதற்கும் ஏராளமாக வரைந்திருக்கிறார்.

இன்னொன்று. இப்படிப் பேச்சு வந்தால் அடுத்த ஆள் லாரி எல்மோர் அட்டை வரைந்த 1983-இன் சிவப்புப் பெட்டியோடு, அதாவது டி அண்ட் டி-யின் அடிப்படைப் பெட்டியோடு, வந்துவிடுவார். வீரன் முதுகைக் காட்டி நிற்கிறான், எதிரில் சிவப்பு டிராகன், அழகுதான். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பு அதே அடிப்படைப் பெட்டிக்கு எரோல் ஓட்டஸ் வரைந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்மோரின் டிராகனை மிருகக்காட்சி சாலையில் பார்த்துவிடலாம் போலிருக்கும். ஓட்டஸுடையது காய்ச்சல் கண்ட இரவில் மட்டும் வரும். அவர் நிறங்களே வேறு.

என் கதை. டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்ற டி அண்ட் டி சாகச நூல். ஆட்டக்காரர்களிடம் தூக்கிக் காட்டுவதற்கென்றே அதில் தனிப் படப் புத்தகம் உண்டு, டேவிட் சதர்லேண்டும் டிராம்பியரும் வரைந்தது. சுவரில் பச்சைப் பிசாசு முகம், அகலத் திறந்த வாய், உள்ளே வெறும் கருப்பு. ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் படத்தைத் தூக்கிக் காட்டினார். என் தம்பி, எட்டு மாதம் ஒரே பாத்திரத்தை வளர்த்தவன், "நான் உள்ளே ஏறுகிறேன்" என்றான். அந்த வாய்க்குள் போவது எதுவும் மிஞ்சாது. நான் அந்தச் சாகசத்தை முன்பே திருட்டுத்தனமாக வாசித்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவன் தன் பாத்திரத்தின் விவரத் தாளைக் கிழிக்கவில்லை, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அந்த மடிப்புதான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

பழையதாள்

எனக்குப் பிடித்தவர் டோனி டிடெர்லிஸி. 1994-இல் அவர் படங்கள் நிறைந்த பிளேன்ஸ்கேப் என்ற டி அண்ட் டி பெட்டியைத் திறந்த அன்று இரவு தூங்கவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் இருபதுமுகனுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். யாராவது உங்களிடம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். பேனா மையோடு அச்சு மையும் வந்துவிடும். சிலையின் கண் போய், முகமும் போகும். ரப்பரும் வேண்டாம், பளபளப்பு உரிந்து வெள்ளைத் திட்டு விழும். கறை கறையாகவே இருக்கட்டும். 1983-இல் அந்த நூலுக்கு ஜெஃப் ஈஸ்லி வரைந்த வேறு அட்டை வந்துவிட்டது. ஆகவே உங்கள் அண்ணாவிடம் இருப்பது அதற்கு முந்தைய அச்சு. அந்தக் காலத்துக் கட்டு உறுதியானது, 1985-இல் வந்த இன்னொரு விதிநூலான அன்எர்த்டு ஆர்கேனா போலப் பக்கம் பக்கமாகக் கொட்டாது. நிமிர்த்தி வையுங்கள், சாய்த்து வைத்தால் முதுகு வளையும். நிலவறையில் வைக்கவே கூடாது, ஈரம் ஏறும். அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள், ஜன்னல் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிவப்புதான் முதலில் வெளுக்கும். பிளாஸ்டிக் உறை போட்டால் பிவிசி கூடாது, பாலிப்ரொப்பிலீன் வாங்குங்கள். பேனா மை தாளில் ஊறிப் பின்பக்கம் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், தடித்த அட்டை என்பதால் வந்திருக்காது.

பின் இருக்கை

டிராம்பியரைப் பற்றி யாரும் மிச்சத்தைச் சொல்லவில்லை. டி அண்ட் டி ஆட்டக்காரர்களுக்கான டிராகன் இதழில் 'வோர்மி' என்ற படக்கதைத் தொடரை வரைந்துகொண்டிருந்தார். 1988-இல் கதை பாதியில் நின்றது. ஆள் எங்கே போனார் என்று ரசிகர்களுக்குத் தெரியவில்லை. இறந்துவிட்டார் என்றுகூடப் பலர் நம்பினார்கள். 2002-இல் இலினாய் மாநிலத்தின் கார்பன்டேலில் மாணவர் நாளிதழ் ஒன்று டாக்ஸி ஓட்டுநர் ஒருவரைப் பற்றி எழுதியது. அவர்தான். மறுபடி வரையக் கேட்டவர்களுக்கு மறுத்துவிட்டார். 2014 மார்ச்சில், 59 வயதில் இறந்தார்.

நான் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன், அவர் டாக்ஸி ஓட்டிய அதே வருடங்களில். கார் இல்லை. பனிக்காலத்தில் அரிசி மூட்டையோடு டாக்ஸியில்தான் அறைக்குத் திரும்புவேன். அறைச் சுவரில் ஒட்டியிருந்தது 1979 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடிலிருந்து நகலெடுத்த 'எமிரிக்கோல் தி கேயாட்டிக்': குதிரையில் பாய்ந்து வரும் மந்திரவாதி, தெரு முழுக்கப் பீதி. டிராம்பியர் வரைந்தது.

எத்தனை சவாரி என்று எண்ணிப் பார்த்தேன், குறைந்தது இருபது இருக்கும். அவற்றில் ஒன்றில்கூட ஓட்டுநரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பின்கழுத்து மட்டும் நினைவிருக்கிறது, அதுவும் யாருடையது என்று தெரியாது. ஒருவர் என் மூட்டையைப் படி வரை தூக்கிக்கொண்டு வந்தார். கதவு திறந்திருந்தது. உள்ளே சுவர் தெரியும்.

பச்சைவாய்

அந்த எமிரிக்கோல் படத்தில் உள்ள தெரு கிரீஸின் ரோட்ஸ் தீவில் இருக்கும் மாவீரர் தெருவை அப்படியே ஒத்திருக்கும். சும்மா சொல்கிறேன். மூட்டையைத் தூக்கியவர் வேறு யாராவதாகத்தான் இருப்பார்.

பின் இருக்கை

இருக்கலாம்.

இருபதுமுகன்

பழையதாள் அவர்களே, நன்றி. புத்தகம் என்னிடம் இல்லை, அண்ணாவிடம் இருக்கிறது. நேற்றிரவு போன் செய்து சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, சந்தேகப்பட்ட அந்த நண்பரின் எண் இப்போது யாரிடம் இருக்கும் என்று கேட்டார்.