காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத ஏடிவி: சேம்பரில் பெட்ரோல் இல்லை

வண்டி 250 சிசி, நாலு ஸ்ட்ரோக் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓட்டும் வண்டி). சிவி கார்புரேட்டர், வேக்கம் பெட்ரோல் டேப் (இன்ஜின் சுற்றும்போது வரும் உறிஞ்சலால் திறப்பது). ரெண்டு மாதமாகவே இந்தத் தொல்லை. ராத்திரி நின்றால் காலையில் செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பிளக் காய்ந்து கிடக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பரின் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் நாலைந்து சொட்டுதான் வருகிறது. டேப்பை 'பிரைம்' நிலையில் (வேக்கம் இல்லாமலே பெட்ரோல் விடும் நிலை) அரை நிமிடம் வைத்தால் உடனே பிடிக்கும், பிறகு நாள் முழுக்கப் பிரச்சினையே இல்லை.

பைலட் ஜெட், ஃபில்டர், டேங்க் மூடியின் காற்றுத் துளை சுத்தம் செய்தாயிற்று. ஃப்ளோட் நீடில், வேக்கம் ஹோஸ் புதுசு. வால்வு கிளியரன்ஸ் சரி. ஓவர்ஃப்ளோ குழாயில் ஈரமில்லை, ஆயிலில் பெட்ரோல் வாடையும் இல்லை. கைப்பம்பால் வேக்கம் கொடுத்தால் டேப் திறக்கிறது, ஆனால் பம்பு மீட்டரின் முள் மெல்ல இறங்கிவிடுகிறது. செல்ஃப் சுற்றும்போது வரும் வேக்கமோ ரொம்பக் குறைவு, அதனால் டேப் டயாஃப்ரம் (வேக்கத்தில் இழுபட்டு டேப்பைத் திறக்கும் சவ்வு) மேல்தான் சந்தேகம்.

டயாஃப்ரம் கிட் மாற்றினாலே தீருமா, இல்லை ராத்திரியில் சேம்பர் காலியாவதற்கு வேறு எங்காவது பார்க்க வேண்டுமா?