டொரன்டோவில புள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கிறதெண்டா, பாதி வேலை மட்டக்களப்பில

கேள்வி:
களுவாஞ்சிகுடியில இருந்து 2026 ஜூலையில டொரன்டோ போறம், பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைச்சிட்டு. மகன் பிறந்தது 2012, மகள் 2020. முதல்ல ஸ்கார்பரோவில மச்சானுடைய பேஸ்மென்டில இருப்பம். எந்தப் பள்ளிக்கூடம் நல்லம், அட்மிஷன் எப்படி எடுக்கிற?

பதில்:
தம்பி, எது நல்லம் எண்டதைத் தள்ளி வைங்க. அங்க அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியும் இல்ல, பழைய மாணவர் சங்கத்துக் கடிதமும் செல்லாது. இருக்கிற விலாசம்தான் பள்ளிக்கூடத்தைத் தீர்மானிக்கும். அரச பள்ளிக்கூடங்களை நடத்துற சபையான டொரன்டோ டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல் போர்டின் இணையத்தளத்தில விலாசத்தை அடிச்சா உங்கட பள்ளிக்கூடத்தின் பேர் வரும். மறுகா வேற வீடு வாடகைக்குப் பார்க்கிறெண்டாலும், கையெழுத்து வைக்க முன்னம் அந்த விலாசத்தை அடிச்சுப் பாருங்க. ஸ்டீல்ஸ் அவென்யூவுக்கு வடக்கால போனா அது மார்க்கம். போர்டே வேற, யோர்க் ரீஜன். றோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான், ஆனா பதிவு முழுக்கப் புதுசாச் செய்யோணும்.

கத்தோலிக்கக் குடும்பமெண்டா இன்னொரு வழியும் இருக்கு. கத்தோலிக்க போர்டும் அரச பணத்தில நடக்கிறதுதான், காசு இல்ல. ஆரம்பப் பள்ளிக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்பாங்க, ஊர்ப் பங்கில எடுத்திட்டுப் போங்க. 9ஆம் வகுப்பில இருந்து எல்லாச் சமயத்துப் புள்ளைகளையும் எடுப்பாங்க.

கேட்கிற பேப்பர்: வயசுக்குப் பாஸ்போட் அல்லது பிறப்புச் சான்றிதழ், பி.ஆர். பேப்பர், விலாசத்துக்கு ஆதாரம், தடுப்பூசிப் பதிவு. தமிழில உள்ளதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்ட ஊரிலயே ஆங்கிலத்தில செய்துபோட்டு ஏறுங்க. பேஸ்மென்டில இருக்கிறவங்களுக்கு விலாசம்தான் இழுபறி. வாடகை ஒப்பந்தமும் இல்ல, கரண்ட் பில்லும் மச்சான்ட பேரில. அவரிட்ட "இவங்க என்னோட இருக்கிறாங்க" எண்டு கையெழுத்து வைச்ச கடிதமும் அவருடைய பில்லும் வாங்குங்க. உங்கட பேரில பேங்க் கணக்கு ஒண்டை முதல் கிழமையே திறந்து, அந்த விலாசத்துக்கு ஸ்டேட்மென்ட் எடுங்க. ஜூலை, ஓகஸ்டில பள்ளிக்கூட ஒஃபிஸ் பூட்டிக் கிடக்கும். பதிவை ஒன்லைனில தொடங்கி வையுங்க, இல்லாட்டி செப்டம்பர் முதல் நாள் வரிசையில நிற்கவேண்டி வரும்.

இன்னொரு பதில்:
தடுப்பூசியில ஒரு பொறி இருக்கு, அதைச் சொல்லாம விட ஏலாது. நம்மட கிளினிக் கார்டில இப்ப எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசி 9 மாதத்தில ஒண்டு, 3 வயசில ஒண்டு. டொரன்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில முதல் ஊசி முதலாம் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டிருந்தாத்தான் கணக்கு. அதால முதலாவது 9 மாதத்தில போட்டதெண்டா, கார்டில ரெண்டு இருந்தாலும் அங்க ஒண்டெண்டுதான் எடுப்பாங்க, இன்னொண்டு போடோணும். கொப்புளிப்பான் ஊசி நம்மட அரச கிளினிக்கில இல்ல. 2010இலயோ அதுக்குப் பிறகோ பிறந்த புள்ளைகளுக்கு அங்க கட்டாயம். மெனிஞ்சைட்டிஸ் (மூளைச்சவ்வுக் காய்ச்சல்) ஊசியும் அங்க கட்டாயம். கிளினிக் கார்டைத் தொலைச்சிருந்தா ஊர் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸில பதிவைப் பார்த்து ஆங்கிலத்தில எழுதி வாங்குங்க. கனடாவில நிண்டுகொண்டு அதை எடுக்கிற வேலை வேண்டாம்.

இன்னொண்டு: ஊசி போட்ட டொக்டர் பதிவைத் தானா அனுப்புவார் எண்டு நம்பாதீங்க. டொரன்டோ பப்ளிக் ஹெல்த்துக்கு (நகரத்தின் சுகாதாரப் பகுதி) அறிவிக்கிறது தாய் தகப்பன்ட வேலை. விட்டா முதல்ல கடிதம் வரும், மறுகா 20 பள்ளி நாள் வரைக்கும் புள்ளையை வகுப்புக்கு விடாம வைப்பாங்க. கடிதத்தைத் திறந்து பாருங்ககா, விளம்பரமெண்டு குப்பையில போடாம.

பேரையும் கவனிங்க. தகப்பன்ட பேர் பாஸ்போட்டில கடைசிப் பேராப் போயிருந்தா, பள்ளிக்கூடம், டொக்டர், ஓஹிப் (ஒன்டாரியோ அரச மருத்துவக் காப்புறுதி) கார்ட் மூண்டிலயும் அதே ஒழுங்கில குடுங்க. ஓரிடத்தில முன்னுக்கும் ஓரிடத்தில பின்னுக்கும் போனா ரெண்டு புள்ளையெண்டு பதிவாகி, போட்ட ஊசியும் காணாமப் போகும்.

இன்னொரு பதில்:
வகுப்பு பிறந்த வருசத்தால வரும், ஊரில எத்தனையாம் ஆண்டு படிச்சதெண்டதால இல்ல. 2012 எண்டா 2026 செப்டம்பரில 9ஆம் வகுப்பு, 2020 எண்டா 1ஆம் வகுப்பு. ஒரு வருசம் கீழ போடுங்க எண்டு கேட்டு நேரத்தை வீணாக்காதீங்க; மகனுக்கு இங்கிலீஷ் குறைவெண்டா இ.எஸ்.எல். (இங்கிலீஷை ரெண்டாம் மொழியாப் படிப்பிக்கிற) வகுப்பு அதுக்குத்தான் இருக்கு. அதிலயும் கிரெடிட் (ஒரு பாடத்தை முடிச்சாக் குடுக்கிற அலகு) கிடைக்கும், அதில 3 வரைக்கும் கட்டாய இங்கிலீஷ் கிரெடிட்டுக்குப் பதிலா எடுப்பாங்க.

ஹைஸ்கூல் வயசுப் புள்ளையை முதல்ல புதுசா வந்தவங்களுக்கான மையத்துக்கு அனுப்பி இங்கிலீஷ், கணக்குச் சோதிப்பாங்க. நம்மட புள்ளைகள் கணக்கில கெட்டி, ஆனா கேள்வி வசனமா வந்தா முழிப்பாங்க. ஆங்கிலக் கணிதச் சொற்களை இப்பவே பழக்குங்க. 10ஆம் வகுப்பில அகடெமிக், அப்ளைட் எண்டு கணக்கு பிரியும். யூனிவர்சிட்டி நினைப்பிருந்தா அப்ளைட்டுக்குத் தலையாட்டிட்டு வராதீங்க.

ஹைஸ்கூல் டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட், எழுத்தறிவுச் சோதனை, 40 மணித்தியாலம் தொண்டு வேலை. ஓ.எல். எழுதின புள்ளையெண்டா பரீட்சைத் திணைக்களம் ஆங்கிலத்தில குடுக்கிற பெறுபேற்றுச் சான்றிதழும், அதிபர் கையெழுத்திட்ட தவணை அறிக்கைகளும் விடுகைப் பத்திரமும் கட்டாயம். அதைப் பார்த்துத்தான் பிரின்சிபல் பழைய படிப்புக்குக் கிரெடிட் குடுப்பார். இல்லையெண்டா படிச்சதையே திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

கேள்வி:
கல்முனையில இருந்து கனடாவுக்கு வந்திருக்கம். எங்களுக்கு பி.ஆர். இல்ல, அகதிக் கோரிக்கை போட்டிருக்கம். புள்ளையை எடுப்பாங்களா?

பதில்:
எடுப்பாங்க. 18 வயசுக்குக் கீழ உள்ள புள்ளையை, தாய் தகப்பனுக்கு விசா இல்லையெண்ட காரணத்துக்காக மறுக்க ஏலாதெண்டு ஒன்டாரியோ கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவில இருக்கு. கவுன்டரில ஆரும் தடுமாறினா அந்த இலக்கத்தைச் சொல்லுங்க. விசிட்டர் விசாவில வந்து வேற கோரிக்கை ஒண்டும் போடாதவங்களிட்டக் காசு கேட்பாங்க. கன பள்ளிக்கூடங்களில புதுசா வந்தவங்களுக்கு உதவுற குடியமர்வு வேலையாள் இருப்பாங்க. ஸ்கார்பரோவில தமிழ் பேசுறவங்களும் இருக்கிறாங்க, ஒஃபிஸில கேளுங்க. படிவம் நிரப்பக் காசு கேட்கிற ஆக்களிட்டப் போகவேண்டாம்.