மன்னவனூர் ஏரியில் கூழ்க்கட்டி: என்ன இனம்?

கொடைக்கானல் பக்கத்து மன்னவனூர் ஏரியில் மார்கழியில் தண்ணீர் இறங்கியதும், அமிழ்ந்து கிடந்த கிளைகளின் அடிப்பக்கத்தில் நெல்லிக்காயைவிடச் சிறிய கூழ்க்கட்டிகள் தெரிகின்றன. மங்கிய பழுப்பு நிறம், வாடை இல்லை.

தவளை முட்டை இல்லை. உள்ளே கரும்புள்ளியாகக் கரு கிடையாது. நன்னீர்ப் பஞ்சுயிரியும் இல்லை. பிளீச்சில் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்தும் சிலிக்கா ஊசிகள் கிடைக்கவில்லை. ஏரித் தண்ணீரிலேயே தட்டில் அசையாமல் வைத்தால் குதிரைலாட வடிவில் உணர்விழைகள் விரிகின்றன. ஊசி முனை பட்டதும் சட்டென உள்ளே போகின்றன. ஆகவே பிரையோசோவாதான் (கூட்டமாக ஒட்டி வாழும் நுண்ணிய நீர்வாழ் விலங்குகள்), அதில் சந்தேகமில்லை. இனம்தான் பிடிபடவில்லை. ஸ்டேட்டோபிளாஸ்ட் வித்துகள் (புதிய கூட்டமாக முளைக்கும் உறங்குநிலை மொட்டுகள்) நீள்வட்டம், இரு முனைகளில் மட்டும் கொக்கி முட்கள். பெக்டினடெல்லா என்ற வேறொரு பிரையோசோவா என்றால் வித்து வட்டமாக, சுற்றிலும் கொக்கியோடு இருக்கும். லோபோபோடெல்லா கார்ட்டெரி என ஊகிக்கிறேன். நசுங்கினால் மீன்களுக்கு நஞ்சாகும் இனம் அது.

முனை முட்களை மட்டும் வைத்து இந்த இனத்தை உறுதிசெய்யலாமா?