புறாக்களால் குருவிக்குத் தீனி இல்லை, ஒரு புறாவுக்கு உடம்பும் சரியில்லை

வணக்கம் நண்பர்களே. கொல்லைப்புறத்தில் ஒரு தட்டில் தினையும் சூரியகாந்தி விதையும் வைத்து வருகிறேன். முதலில் சிட்டுக்குருவிகள்தான் வந்தன. இப்போது மாடப்புறாக்கள் கூட்டமாக இறங்கி, தட்டின் நடுவிலேயே நின்றுகொண்டு ஒரு தானியமணிகூட விடாமல் காலி செய்கின்றன. பாவம், குருவிகள் வேலியில் காத்திருந்து, சிந்தியதைப் பொறுக்கிவிட்டுப் போகின்றன. சுற்றிக் கம்பி வலை கட்டலாமென்று பார்க்கிறேன். குருவி நுழைய, புறா நுழையாமலிருக்க, வலையின் கண் எந்த அளவு இருக்க வேண்டும்? குழாய் மாதிரி தொங்கும் தீனிப்பெட்டிக்குப் புறா வராது என்கிறார்களே, நிஜமா?

அதைவிடப் பெரிய கவலை ஒன்று. நேற்றிலிருந்து ஒரு புறா இறகை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தானியத்தைக் கொத்துகிறது, விழுங்க முடியாமல் கீழே போடுகிறது. அலகோரம் ஈரமாக இருக்கிறது. புறாக்களின் தொண்டையில் வரும் ட்ரைக்கோமோனாஸ் என்ற நுண்ணிய ஒட்டுண்ணியின் தொற்றிலும் இப்படித்தான் இருக்கும். எச்சில் பட்ட தீனி, தண்ணீர் வழியாக மற்ற பறவைகளுக்கும் அது பரவும். அதனால் இரண்டையும் எடுத்துவிட்டு, 9 பங்கு தண்ணீரில் 1 பங்கு ப்ளீச் கலந்து தட்டைக் கழுவி, நன்றாக அலசி வெயிலில் காயவைத்திருக்கிறேன்.

மறுபடி தீனி வைக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? அந்தப் புறாவை மிரளவிடாமல் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவது எப்படி? பிடித்துப் பழக்கமுள்ளவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பூனை வேறு மதில்மேல் உட்கார்ந்து அதையே நோட்டம் விட்டுக்கொண்டிருக்கிறது.