ரைசன் 2600-ஐ இப்ப மாத்துறது தேறுமா? பி450 போர்டு, ஆர்எக்ஸ் 6600

இரவுப்பறவை:
மெஷின் விவரம்: ரைசன் 5 2600 சிபியு, பி450 போர்டு, 8 ஜிபி ரேம் ரெண்டு (டிடிஆர்4 3200), ஆர்எக்ஸ் 6600 கார்டு, 144 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டர். பகல்ல ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, ராத்திரி கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2. கேம்ல சராசரியா 140 எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) வருது, ஆனா ஸ்மோக் விழுந்து நாலு பேர் ஒரே இடத்துல மோதினா திக்கித் திக்கி ஓடுது. அப்பவும் டாஸ்க் மேனேஜர்ல சிபியு 45 சதவீதத்தைத் தாண்டல. அப்போ சிபியு மேல தப்பில்லைன்னு எடுத்துக்கலாமா? கடையில கேட்டா, விண்டோஸ் 11 போடணும்னாலே போர்டு, சிபியு, ரேம் மூணையும் மாத்தணும்ங்கறாங்க. ரைசன் 5 5600 சிபியு மட்டும் போட்டா பத்தாதா?

சோல்டர்_புகை:
அந்த 45 சதவீதத்தை நம்பாதீர்கள். 2600-ல் 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்). டாஸ்க் மேனேஜர் காட்டுவது பன்னிரண்டின் சராசரி. ஒரு த்ரெட் முழுதாக நிரம்பி வழிந்தாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். கேமின் முக்கிய வேலை ஒன்றிரண்டு த்ரெட்டில் நடக்கிறது. அவை திணறினால் மற்றவை கைகட்டி நிற்கும்.

கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள். விசிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு பூட்டும் செட்டிங்), எஃப்பிஎஸ் லிமிட் இரண்டையும் அணைத்துவிட்டு (இதை விட்டுவிட்டால் சோதனையே பொய்யாகிவிடும்) ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) யூசேஜைத் திரையில் வையுங்கள். 95-க்கு மேலேயே நின்றால் எல்லை கார்டுதான், புது சிபியு போட்டாலும் சராசரி அசையாது. 60, 70 என்று ஊசலாடினால் கார்டு வேலை வராமல் காத்திருக்கிறது. உறுதிசெய்ய ரெசல்யூஷனை 720பி ஆக்கி அதே மேப்பில் ஓட்டுங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் கார்டு. அப்படியே நின்றால் சிபியு அல்லது ரேம். சராசரியோடு 1% லோவையும் (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) குறித்துக்கொள்ளுங்கள். திக்குவது அந்த எண்ணில்தான் தெரியும்.

விண்டோஸ் 11-க்காக எதையும் வாங்க வேண்டாம். 2600 மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறது. பயாஸில் (போர்டின் செட்டிங் திரை) எஃப்டிபிஎம் (சிபியுவுக்குள் சாவிகளைக் காக்கும் பகுதி), செக்யூர் பூட் இரண்டையும் ஆன் செய்தால் போதும்.

பட்டன்_செல்:
ப்ரோ, சிபியுவைத் தொடுறதுக்கு முன்னாடி ரேம். பாக்கெட்ல 3200னு போட்டிருந்தா 3200ல ஓடுதுன்னு அர்த்தமில்ல. பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டற செட்டிங்) ஆன் பண்ணலேன்னா 2133, 2400னு தான் ஓடும். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல ஸ்பீடு இருக்கும், பாருங்க. ரைசன்ல இதுக்கு எடை அதிகம். 2600 உள்ள மூணு மூணு கோரா ரெண்டு கூட்டம் இருக்கு. ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ரேம் கிளாக்கோட சேர்ந்துதான் ஓடும். ரேம் மெதுவா ஓடினா அந்தப் பாதையும் மெதுவாயிடும். 2600க்கு ஏஎம்டி சொல்ற எல்லை 2933. 3200ல பூட் ஆகலேன்னா 2933ல நிறுத்துங்க.

ரெண்டு ஸ்டிக்கும் சிபியு பக்கத்துல இருந்து எண்ணி 2வது, 4வது ஸ்லாட்ல இருக்கணும். நாலு ஸ்லாட் போர்டுல 1, 2ல குத்தியிருந்தா சிங்கிள் சேனல், ரேமுக்குப் பாதி பாதைதான். அப்படியே ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை ஓட்டி சூட்டையும் பாருங்க. 95 டிகிரியைத் தொட்டா சிப்பே வேகத்தைக் குறைச்சுக்கும். அப்போ மாத்த வேண்டியது சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கற பேஸ்ட்டு.

இரவுப்பறவை:
ரேம் 2400ல தான் ஓடிட்டிருந்துச்சு! 3200ல நிக்கல, 2933ல நின்னுது. 1% லோ 58லேருந்து 70 ஆச்சு. ஜிபியு 65லேருந்து 72க்குள்ள ஆடுது, 720பியிலயும் எஃப்பிஎஸ் ஏறல. சூடு 74 தான். ஆண்ட்ராய்டுல முழு பில்ட் (கோடை ஆப்பா மாத்துற வேலை) 10 நிமிஷம். எமுலேட்டர் திறந்திருந்தா ரேம் 94 சதவீதம். 5600, 5700எக்ஸ், 5700எக்ஸ்3டி, இதுல எது?

சோல்டர்_புகை:
இப்போது சந்தேகமில்லை, கேமில் தடுப்பது சிபியுதான். உச்ச கிளாக் 2600-ன் 3.9-லிருந்து 5600-ல் 4.4 கிகாஹெர்ட்ஸ் ஆவது ஒரு பங்குதான். 2600-ல் மூன்று கோருக்கு 8 எம்பி எல்3 கேஷ் (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). 5600-ல் ஆறு கோரும் ஒரே கூட்டமாக 32 எம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. தேவையான தரவு கேஷிலேயே கிடைத்தால் ரேமுக்கு ஓடவேண்டிய தடவைகள் குறையும். நீங்கள் சொல்லும் திக்கல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

5700எக்ஸ்3டியில் 96 எம்பி. கேமுக்கு அருமையான சிப், ஆனால் ஆர்எக்ஸ் 6600-உம் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் இருக்கும்போது கூடுதல் பணத்துக்கு முழுப் பலன் வராது. பூஸ்ட் 4.1 கிகாஹெர்ட்ஸ் என்பதால் பில்டில் 5700எக்ஸுக்குப் பின்னால்தான் நிற்கும். அதன் மின் எல்லையும் 142 வாட். 5600, 5700எக்ஸ் இரண்டுக்கும் 76. விஆர்எம் (சிபியுவுக்கு மின்சாரம் சீராக்கிக் கொடுக்கும் பகுதி) மேல் ஹீட்சிங்க் இல்லாத மலிவுப் போர்டாக இருந்தால் இந்த வித்தியாசத்தை யோசிக்க வேண்டும்.

பில்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 நிமிடத்தில் 4 நிமிடம் ஒற்றைத் த்ரெட்டில் நகரும் வேலை, 6 நிமிடம் எல்லா கோருக்கும் பிரியும் வேலை என்று வையுங்கள். 5700எக்ஸ் போல 6 கோர் 8 ஆனால் அந்த 6 நிமிடம் 4.5 ஆகும், மொத்தம் 8.5. கோர் மூன்றில் ஒரு பங்கு கூடியும் மிச்சம் ஒன்றரை நிமிடம்தான். 5600-ல் ஒவ்வொரு கோரும் வேகமாவதால் அந்த 4 நிமிடமும் சேர்ந்து குறையும். அதைவிட முக்கியம், ரேம் 94 சதவீதத்தில் இருக்கும்போது விண்டோஸ் எஸ்எஸ்டிக்கும் ரேமுக்கும் பக்கங்களை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருக்கும். எந்தச் சிபியுவும் அதைச் சரிசெய்யாது. 5600-உம் 16 ஜிபி இரண்டு கொண்ட கிட்டும் வாங்குங்கள். இருப்பதோடு இன்னும் இரண்டு 8 ஜிபி சேர்த்தால் நான்கு ஸ்டிக்கில் 3200 நிற்பது கடினம். புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போனால் போர்டும் டிடிஆர்5 ரேமும் சேர்த்து வாங்கியாக வேண்டும். இந்த வேலைக்கு அது அதிகச் செலவு.

ஹீட்சிங்க்:
மாத்துற வரிசை தப்பினாதான் அழுகை. முதல்ல போர்டு கம்பெனி தளத்துல உங்க மாடலோட சிபியு பட்டியலைத் திறந்து, 5600க்கு எந்த பயாஸ் பதிப்புலேருந்து ஆதரவுன்னு பாருங்க. பழைய சிப் இருக்கும்போதே, ஃபேட்32 பென்டிரைவ்ல பயாஸை ஏத்துங்க. அதுக்கு முன்னாடி புது சிப்பைப் போட்டா திரையே வராது. பயாஸ் ஏத்தினதும் எக்ஸ்எம்பி அணைஞ்சிருக்கும், மறக்காதீங்க.

பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டற விண்டோஸ் வசதி) இருந்தா, பயாஸை ஏத்துறதுக்கு முன்னாடியே சஸ்பெண்ட் பண்ணி, ரெக்கவரி கீயைக் காகிதத்துல எழுதி வைங்க. எஃப்டிபிஎம் சாவி சிபியுவோட கட்டுப்பட்டது. புது சிப்போட முதல் பூட்ல எஃப்டிபிஎம்மை ரீசெட் பண்ணவான்னு கேட்கும். கீ இல்லாம ஒய் அழுத்தினா டிஸ்க் பூட்டிக்கும்.

உங்க போர்டோட ஏஎம்4 சாக்கெட்ல பின் எல்லாம் சிப்புலதான். பேஸ்ட் இறுகியிருந்தா கூலரைத் தூக்கும்போது, லீவர் பூட்டியிருந்தாலும் சிப்பும் கூடவே பிடுங்கிட்டு வரும், பின் வளையும். பத்து நிமிஷம் கனமான வேலை கொடுத்துச் சூடாக்கி, ஷட்டவுன் பண்ணி கேபிளை எடுத்துட்டு, கூலரை இடம் வலமா திருகித் திருகி எடுங்க, நேரா இழுக்காதீங்க. 5600 கூட வர்ற ஸ்டெல்த் கூலர் நாலு ஸ்குரூ. பிளாஸ்டிக் பிராக்கெட்டைக் கழட்டும்போது பின்னாடி பிளேட் நழுவும், ஒரு கை அங்க இருக்கட்டும். அந்தக் கூலர்லயே பேஸ்ட் தடவியிருக்கும், மேல இன்னொரு தடவை வைக்க வேண்டாம்.

இரவுப்பறவை:
நன்றி. கடைசியா ஒண்ணு, 5600ஜி விலை குறைவா கிடைக்குது. அதையே எடுத்துக்கலாமா?

சோல்டர்_புகை:
வேண்டாம். பெயர்தான் ஒன்று. 5600ஜியில் எல்3 கேஷ் 16 எம்பிதான், 5500-உம் அப்படியே. நீங்கள் காசு கொடுப்பதே அந்த 32 எம்பிக்கு. உள்ளே இருக்கும் கிராபிக்ஸ், ஆர்எக்ஸ் 6600 வைத்திருப்பவருக்குப் பயன்படாது. பெட்டியில் 5600 என்ற எண்ணுக்குப் பின்னால் எழுத்து ஏதும் இல்லையா என்று பார்த்து வாங்குங்கள்.