வாந்திக்கு ஊத்தின வாளி: முன்பள்ளியில கண்டதை எழுதுங்க

கல்லடி வாசி:
பதிவு உள்ள முன்பள்ளி, சான்றிதழ் சுவரில தொங்குது. மார்கழி மழை, யன்னல் எல்லாம் சாத்திக் கிடக்கு. பிள்ளையொண்டு பாயில வாந்தி எடுத்திட்டு. உதவிக்கு நிண்டவ கக்கூஸ் கழுவுற அமிலத்தையும் ப்ளீச்சையும் ஒரே வாளிக்குள்ள ஊத்திப்போட்டா. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு. அது காத்தை விடப் பாரம், தரையோட படியும்; பாயில இருக்கிற பிள்ளைக்குத்தான் முதல்ல பிடிக்கும். ஒரு சின்னவள் ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கொண்டு இருமினது மனசை விட்டுப் போகுதில்ல. டீச்சர் வாளியத் தூக்கப் போனா. அது பிழை. முதல்ல பிள்ளைகளை வெளியில எடுக்கணும். கண் எரிஞ்சா 15 நிமிசம் ஓடுற தண்ணியில கழுவணும்.

அக்கரைப்பற்று தாதி:
காக்கா, வாந்திக்கு அமிலமே தேவையில்ல. கையுறை போட்டு, பழைய பேப்பரால அள்ளிப் பையில கட்டுங்க. பிறகு சவர்க்காரத் தண்ணியால கழுவுங்க. ப்ளீச் கடைசியில. அழுக்குக்கு மேல ஊத்தினா குளோரின் அழுக்கோடயே தீர்ந்து போகும், கிருமிக்கு மிச்சமிருக்காது. 5 வீத ப்ளீச் எண்டா வாந்தி பட்ட இடத்துக்கு ஒரு கோப்பைக்கு ஒன்பது கோப்பை தண்ணி. மேசை, விளையாட்டுச் சாமானுக்கு ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் போதும். 10 நிமிசம் ஈரமா இருக்கணும், உடனே துடைச்சா வேலையில்ல. வாயில வைக்கிற சாமானைப் பிறகு நல்ல தண்ணியில அலசுங்க. இண்டைக்குக் கலக்கினதை நாளைக்கு வைக்காதீங்க. தகரக் கூரைக்குக் கீழ வெக்கையில வைச்ச போத்தல் சீக்கிரம் வீரியம் இழந்திரும். கைக்கு ஜெல் பூசினாக் காணாது, வாந்திபேதி வைரஸ் பலதுக்கு அது சரிவராது. சவர்க்காரம்தான், 20 செக்கன்.

களுவாஞ்சிக்குடி அம்மம்மா:
ப்ளீச் கணக்கு சரி, ஆனா அதை விட அவசரமானது கச்சான், அதுதான் நிலக்கடலை. பிறந்தநாள் பொதிக்குள்ள கச்சானும் முழுசான திராட்சைப் பழமும் வைச்சுக் குடுத்திருந்தாங்க, எல்லாம் மூணு வயசுப் பிள்ளைகள். பிள்ளையின்ட மூச்சுக்குழாய் அதின்ட சின்ன விரல் மொத்தம்தான். கச்சான் எக்ஸ்ரேயில தெரியாது. நுரையீரலுக்குள்ள போனா அதின்ட எண்ணெய் அங்க வீக்கத்தைக் கொண்டு வரும். பழத்தை நீளவாக்கில நாலாப் பிளந்து குடுங்க. முழுக் கச்சானை அஞ்சு வயசு வரைக்கும் குடுக்காதீங்க. தொண்டையில சிக்கினா முதுகில அஞ்சு அடி, பிறகு வயித்தில அஞ்சு அமுக்கு, மாறி மாறி. ஒராள் 1990 அம்புலன்ஸுக்குப் போன் எடுக்கணும்.

கல்முனை டீச்சர்:
அம்மம்மா, ஒரு திருத்தம். பிள்ளை சத்தமா இருமுதெண்டா அடிக்கக் கூடாது, இருமவே விடுங்க. இருமச் சத்தம் வராம, மூச்சு விட ஏலாமப் போனா உடனே அடி, முகம் நீலிக்கும் வரைக்கும் காத்திருக்காதீங்க. வாய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டாதீங்க, உள்ளுக்குத் தள்ளிப்போடும்.

இன்னொண்டு, ஒருத்தரும் வேலியைப் பத்திக் கதைக்கல்ல. மஞ்சள் அலரி நிக்கிற வளவு எத்தனை! விழுந்த காயைப் பிள்ளைகள் கூட்டாஞ்சோத்துக்குப் பொறுக்கினதைக் கண்டிருக்கு. ஒரு விதையே இதயத் துடிப்பைக் குழப்பும். மரத்தை வேரோட எடுங்க, எரிக்காதீங்க, புகையும் நஞ்சு. நிலத்தில கிடக்கிற காயைப் பொறுக்கி ஆழமாப் புதையுங்க. தின்டதெண்டு சந்தேகம் வந்தாலே ஆசுபத்திரி. பிள்ளை சுகமா ஓடித் திரிஞ்சாலும் மணிக்கணக்குக்குப் பிறகு துடிப்பு மாறும். வாந்தி எடுக்க வைக்காதீங்க. மிச்சக் காயை ஒரு பையில போட்டுக் கையோட கொண்டு போங்க.