இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே பறக்கும் நேரத்தைக் கணக்கிட உதவி தேவை

எல்லாருக்கும் வணக்கம். அம்மா முதல் முறையாகத் தனியாக லண்டனிலிருந்து நியூயார்க் போகிறார். மாத்திரை நேரம் தவறக்கூடாது என்பதால் விமானம் உண்மையில் எத்தனை மணி நேரம் பறக்கும் என்று நானே கணக்குப் போட உட்கார்ந்தேன்.

இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்து எக்செல்லில் போட்டேன். முதலில் ஏதோ தாறுமாறான எண் வந்தது. டிகிரியை ரேடியனாக (கோணத்துக்கு எக்செல் எடுத்துக்கொள்ளும் அலகு) மாற்ற மறந்திருந்தேன், அதைத் திருத்தியதும் சுமார் 5,550 கி.மீ. வந்தது. உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தும் பார்த்தேன், அது வடக்கே வளைந்துதான் போகிறது, ஆக தூரம் சரி.

சிக்கல் நேரத்தில்தான். மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் ஆறேகால் மணி நேரம்கூட வரவில்லை. டிக்கெட்டில் காலை 11 மணிக்குப் புறப்பட்டு மதியம் 2 மணிக்கு இறங்குவதாக இருக்கிறது. 5 மணி நேர வித்தியாசத்தைச் சேர்த்தால் 8 மணி நேரம். திரும்பி வரும்போதோ 7 மணி நேரம்தான்!

மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று (விமானம் பறக்கும் உயரத்தில் வேகமாக வீசும் காற்று) போகும்போது எதிர்ப்பதும், ஓடுபாதை வரை ஊர்ந்து போகும் நேரமும் டிக்கெட் கணக்கில் சேர்வதும் புரிகிறது. ஆனால் காற்றுக்கு எவ்வளவு, தரையில் ஊர்வதற்கும் மேலேறி இறங்குவதற்கும் எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? விமானத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ். அப்புறம், சாப்பாடு பொதுவாகக் கிளம்பி எவ்வளவு நேரத்தில் தருவார்கள்? ஒரு மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும்.